இடது காதின் நுனி

இன்று காலை டெல்சி தொலைபேசியில் கூப்பிட்டாள். இருபத்தெட்டு வருடம் நான் இருந்த கதிரையில் இப்போது அவள் இருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கணினி வந்துவிட்டதாம். பெயர் தெரியாத நோயாளி ஒருவரைப் பதியும்போது ‘இனம்’ என்று ஒரு கட்டம் வருகிறதாம். அதை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காதாம். ஆள் நினைவில்லாமல் கிடக்கிறார். “முகத்தைப் பாத்து ஒண்டைப் போட்டுவிடட்டோ அக்கா?” என்று கேட்டாள். அடுப்பில் மீன் இருக்கிறது, பிறகு எடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் மீன் இருந்தது உண்மைதான். ஆனால் நான் வைத்ததற்குக் காரணம் அது இல்லை. நானும் ஒருமுறை முகத்தைப் பார்த்து ஒன்றைப் போட்டிருக்கிறேன். அதைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க ஏலாது என்பதால் எழுதுகிறேன்.

நான் வங்காலையில் பிறந்தவள். எங்கள் கரையோரத்து அரச ஆஸ்பத்திரி ஒன்றில் தொலைபேசி இயக்குநராக வேலை பார்த்தேன். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லை, பிழை என்னுடையது. மூன்று மாதப் பயிற்சி, இரண்டு மொழியில் ‘வணக்கம்’, எந்த லைனை எந்தத் துளையில் செருகுவது, டொக்டர்மார் கோபித்தால் எப்படிப் பேசாமல் இருப்பது, அவ்வளவுதான் படிப்பு. பேசாமல் இருப்பது மட்டும் எனக்கு வரவில்லை. அதற்காக இரண்டு முறை விளக்கக் கடிதம் எழுதியிருக்கிறேன்.

எங்கள் இடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பெயர் சொல்ல ஏலாத நிலையில் யாராவது அனுமதிக்கப்பட்டால், தொலைபேசி அறையில் இருப்பவரே வார்ட்டுக்குப் போய் ஆளைப் பார்த்து ஒரு தாள் துண்டு எழுத வேண்டும். ஆண் பெண், வயது மதிப்பு, இனம், நிறம், உயரம், உடுப்பு, விசேட அடையாளம். எழுதியதை எங்கள் கண்ணுக்கு நேரே உள்ள கண்ணாடியில் ஒட்டிவைப்போம். ஆளைக் காணவில்லை என்று யாராவது அழைத்தால், அவர்கள் சொல்வதையும் துண்டில் இருப்பதையும் ஒத்துப் பார்ப்போம். சண்டைக் காலத்தில் கண்ணாடி முழுக்கத் துண்டு ஒட்டியிருந்த நாட்களும் உண்டு. அந்த நாட்களில் அந்தப் பக்கத்தில் பேசுபவரின் மூச்சை வைத்தே, அது தாயா மனைவியா என்று சொல்லிவிடுவேன்.

தேடுகிற ஆட்கள் அடையாளம் சொல்வதில் ஒரு வேடிக்கை இருந்தது. எந்தத் தாயைக் கேட்டாலும் மகன் ‘பொது நிறம்’, அதாவது கறுப்புமில்லை வெள்ளையுமில்லை. எங்கள் கரையில் வெயிலில் வலை இழுக்கிறவன் எப்படிப் பொது நிறமாக இருப்பான் என்று யாரும் யோசிப்பதில்லை. கறுப்பு என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. எனக்கே பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் ‘கறுவல்’. கலியாணம் பேசினபோது அம்மா என்னையும் பொது நிறம் என்றுதான் சொன்னா. மாப்பிள்ளை வீட்டார் நேரே வந்து பார்த்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்காமலே போனார்கள். ஆகவே நிறத்தைக் கேட்டுவிட்டு அதில் பாதியை மட்டும் நம்புவது என் பழக்கமாகியது.

எங்களுக்கு மேலே மேற்றன் இருந்தார். ஆஸ்பத்திரித் தாதிமார் எல்லாருக்கும் தலைவி. கண்டிப் பக்கத்தவர், சிங்களம் தாய்மொழி. தமிழைப் புத்தகத்தில் படித்ததால் எங்களைவிடச் சுத்தமாகப் பேசுவார். ஒருநாளும் ஏசமாட்டார். ஒட்டியிருக்கும் துண்டுகளைக் காலையில் வந்து வாசிப்பார். பிடிக்காவிட்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைப்பார். துடைக்கத் தொடங்கினாலே துண்டு சரியில்லை என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். பிறகு அந்தத் துண்டை உரித்தெடுத்துக்கொண்டு வார்ட்டுக்குப் போவார். அதில் எழுதியதை மட்டும் வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்ப்பார். முடியாவிட்டால் துண்டு மேசைக்குத் திரும்பி வரும். “இன்னொரு முறை பார்த்துவிட்டு வாருங்கள்” என்பார். அவ்வளவுதான்.

ஒருமுறை பாலத்தில் மோட்டார் சைக்கிள் அடித்து ஒரு வயோதிபர் வந்தார். அரை நினைவில் ஏதோ முனகினார். பேச்சு தமிழ்நாட்டுப் பேச்சு. வார்ட்டில் எல்லாரும் இந்தியாக்காரர், படகில் வந்தவர் என்றார்கள். நானும் அப்படியே எழுதினேன். மேற்றன் கண்ணாடியைத் துடைத்தார். நான் திரும்பிப் போய், சாரத்தை விலக்கி, காலில் இருந்து தலைவரை பார்த்து எழுதினேன். வலது காலின் சின்ன விரல் இல்லை. அடுத்த நாள் தோட்டவெளியில் இருந்து ஒரு பெண் தகப்பனைத் தேடி அழைத்தாள். இருபது வருடம் தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிய குடும்பம். அப்பாவின் காலில் ஏதும் அடையாளம் உண்டா என்று கேட்டேன். சின்ன விரல் என்றாள். அந்த விரலின் கதையைச் சொல்லிச் சொல்லியே ஒரு வருடம் பெருமையில் திரிந்தேன். துண்டு எழுத என்னைவிட ஆள் இல்லை என்ற நினைப்பு எனக்கு வந்துவிட்டது.

அந்த நினைப்போடு இருந்தபோதுதான் கீரிக் கடற்கரையில் கிடந்த மனிதரைக் கொண்டு வந்தார்கள்.

சண்டை முடிந்து, திரும்பி வந்த சனங்களுக்கு வீடுகள் கட்டிக்கொண்டிருந்த காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கரைவலைக்காரர் நாலு பேர் ஆளை ஓட்டோவில் தூக்கி வந்தார்கள். கரையில் தலையில் காயத்தோடு கிடந்தாராம். அரைக் காற்சட்டை மட்டும்தான் உடுப்பு. கைத்தொலைபேசி இல்லை, அடையாள அட்டை இல்லை. கப்பலில் இருந்து விழுந்தவர் என்று கரைவலைக்காரர் சொன்னார்கள். அதை அவர்கள் எப்படி அறிந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. வார்ட்டில் போய்ப் பார்த்தேன். நல்ல கறுப்பு, தலையோடு ஒட்டின சுருள் முடி, தடித்த உதடு. தலையில் கட்டு. கழுத்தில் ஒரு மண்ணிற நூல். அவர்களுடைய ஏதோ மந்திர நூல் என்று நினைத்தேன்.

திரும்பி வந்து எழுதினேன்: ‘ஆண். நாற்பது, நாற்பத்தைந்து. வெளிநாட்டவர், ஆபிரிக்கர். கப்பல் ஊழியராக இருக்கலாம்.’ மீதி வரிகளை வெறுமையாக விட்டேன். விசேட அடையாளம் என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்தேன். ஆபிரிக்கர் என்று எழுதிய பிறகு எழுத வேறு என்ன இருக்கிறது என்ற எண்ணம். எங்கள் ஆட்களுக்குக் கால்விரல்வரை பார்த்து எழுதினவள் நான். அந்த மனிதருக்கு அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

அன்று வார்ட்டிலும் அதுதான் பேச்சு. தாதிமார் அவரோடு ஆங்கிலத்தில் பேசிப் பார்த்தார்கள். அவர் கண் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். ஆஸ்பத்திரிப் பொலிஸ் காவலரணில் இருந்தவர் என் துண்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். எந்த நாட்டுத் தூதரகத்துக்கு அறிவிப்பது என்று அவருக்குக் கவலை.

திங்கட்கிழமை காலை ஒரு பெண் அழைத்தாள். புத்தளம் பக்கத்தில் இருந்து. பெயர் மெற்றில்டா என்றாள். தமிழில்தான் பேசினாள். புருசன் அலோசியஸ் தோட்டவெளியில் வீடுகளுக்கு மாபிள் பதிக்க வந்தவர். கூட்டாளிகள் லீவில் வீட்டுக்குப் போக, பேருந்துக் காசை மிச்சம் பிடிக்க என்று அவர் மட்டும் கட்டி முடியாத வீட்டில் தங்கியிருக்கிறார். நேற்றிலிருந்து தொலைபேசி அடிக்கிறது, எடுக்கவில்லை. வேலைக்குக் கூட்டி வந்த பாஸைக் கேட்டால் அங்கேதான் எங்கேயாவது நிற்பார் என்கிறார். மன்னார்ப் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் அழைத்துப் பார்க்கிறாளாம்.

நான் வழக்கப்படி விசாரித்தேன். தமிழோ சிங்களமோ என்றேன். வீட்டில் தமிழ், வேலையில் இரண்டும், நாங்கள் வேதக்காரர் என்றாள். வேதக்காரர் என்றால் எங்களைப் போலக் கத்தோலிக்கர். அந்தச் சொல்லைக் கேட்டதும் என் மனதில் வங்காலை முகம் ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது. எங்கள் அண்ணனைப் போல, மச்சானைப் போல ஒரு முகம்.

“பேர் தெரியாத ஒராள் இருக்கிறார். ஆனா அவர் வெளிநாட்டுக்காரர்” என்று சொன்னேன்.

“அது இல்ல மிஸ். என்ட ஆள் நம்ம நாட்டு ஆள்” என்றாள். நன்றி சொல்லி வைத்தாள்.

அன்று பின்னேரம் வார்ட்டில் அந்த மனிதருக்கு வலிப்பு வந்தது. தலைக்காயத்தால் வந்தது என்று நினைத்து அதற்கான மருந்து கொடுத்தார்கள். செவ்வாய் காலை மறுபடியும் வந்தது, முந்தியதைவிடக் கூடுதலான நேரம். உறவினர் யாராவது வந்தார்களா, பழைய வருத்தம் ஏதும் உண்டா என்று டொக்டர் கீழே அழைத்துக் கேட்டார். வெளிநாட்டவர் சேர், ஒருவரும் வரவில்லை என்று சொன்னேன்.

டொக்டர் வைத்து ஒரு மணித்தியாலம் இருக்காது, மெற்றில்டா மறுபடி அழைத்தாள். இந்த முறை குரல் உடைந்திருந்தது. “அவருக்கு வலிப்பு வருத்தம் இருக்கு மிஸ். நாளுக்கு ரெண்டு தரம் குளிசை போடோணும். விடப்படாது. குளிசைப் பை வீட்டு மேசையில கிடக்கு, இந்த முறை மறந்திட்டுப் போயிட்டார்” என்றாள். புதிதாக யாரும் வரவில்லை அம்மா, வந்தால் உடனே அழைக்கிறேன் என்று இலக்கத்தை எழுதினேன். அவளுக்காக மனம் இரங்கி, செபமாலையில் ஒரு பத்து மணி சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. ஒரே காலையில், ஒரே காதால், வலிப்பு என்று இரண்டு முறை கேட்டேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. நான் மொக்கு இல்லை. அந்த இரண்டு ஆட்களும் என் மனதில் அவ்வளவு தூரத்தில் இருந்தார்கள்.

புதன்கிழமை காலை மேற்றன் வந்தார். இரண்டு நாள் லீவில் இருந்தவர். துண்டை வாசித்தார். கண்ணாடியைத் துடைக்கவில்லை. உரித்துக்கொண்டு வார்ட்டுக்குப் போய் ஐந்து நிமிடத்தில் திரும்பினார். “இருபத்திரண்டு கட்டில். வாசலில் நின்றபடியே கண்டுபிடித்துவிட்டேன்” என்று சொல்லித் துண்டைத் திரும்ப ஒட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

அவர் போகத் திரும்பியபோதுதான் தொலைபேசி அடித்தது. மெற்றில்டா. அழவில்லை. எந்த ஆஸ்பத்திரியில் எந்தப் பெயரில் இருந்தாலும் கண்டுபிடிக்கலாம் என்று, ஒரு கொப்பியில் அடையாளம் எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன், வாசிக்கட்டுமா என்று கேட்டாள். எழுதும்போது வாய்விட்டுத் திருப்பிச் சொல்வது எங்கள் பழக்கம். அவள் வாசிக்க வாசிக்க நான் வாய்விட்டுச் சொல்லி எழுதிக்கொண்டு போனேன். இடது காதின் மேல் நுனி இல்லை, சின்ன வயதில் நாய் கடித்தது. வலது கைப் பெருவிரல் நகம் இரண்டாகப் பிளந்திருக்கும், மாபிள் விழுந்தது. விரல் நுனிகள் சீமெந்தில் தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். மேல் பல் ஒன்று கொஞ்சம் முன்னுக்கு. கழுத்தில் உத்தரியம்.

மேற்றன் கதவடியில் நின்றுவிட்டார்.

“எந்தக் காது?” என்று கேட்டார்.

“இடது, மேற்றன்.”

“மேலே இருக்கிறவருக்கு?”

எனக்குத் தெரியவில்லை. அதைச் சொன்னேன். மேற்றன் ஒட்டியிருந்த துண்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “நான் இப்போதுதான் அவருக்கு முன்னால் நின்றேன். அவருடைய காது எப்படி இருக்கிறது என்று எனக்கும் தெரியாது.”

லைனை வைக்கவேண்டாம் என்று கையால் காட்டிவிட்டுப் போனார். மேற்றன் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். நான் மெற்றில்டாவிடம், கொஞ்சம் பொறுங்கோ அம்மா, லைனில் நில்லுங்கோ என்றேன். அப்போதுதான் அந்த மண்ணிற நூல் எனக்கு ஞாபகம் வந்தது. உத்தரியத்தின் நூல் அந்த நிறம்தான். மாதாவின் படம் தைத்த சின்னத் துணி முதுகுப் பக்கம் போயிருந்தால் முன்னுக்கு நூல் மட்டும்தான் தெரியும். எனக்கு அதை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. புதுநன்மை எடுத்த நாளில் இருந்து என் கழுத்திலும் அதே நூல்தான் கிடக்கிறது. அன்றும் சட்டைக்குள் கிடந்தது. அந்த நூலைத்தான் ‘அவர்களுடைய மந்திர நூல்’ என்று நான் நினைத்திருந்தேன். வெட்கத்தில் காது மடல் சுட்டது.

மேற்றன் மூச்சு வாங்க வந்தார். தலையை மட்டும் ஆட்டினார். தலையில் இருந்த கட்டுத்துணியைக் கொஞ்சம் உயர்த்திப் பார்த்திருக்கிறார். நுனி இல்லை. அலோசியஸ் என்று காதருகே கூப்பிட்டிருக்கிறார். மூன்று நாளாக ஆங்கிலத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டிருந்த மனிதர், “ஓ, மிஸ்” என்றாராம்.

நான் மெற்றில்டாவிடம் சொன்னேன். “குளிசை?” என்று மட்டும் அவள் கேட்டாள். குளிசையின் பெயரை அவள் எழுத்தெழுத்தாகச் சொல்ல, நான் எழுதி மேற்றனிடம் நீட்டினேன். அந்தத் தாள் வார்ட்டுக்குப் போன பிறகு அந்த மனிதருக்கு வலிப்பு வரவில்லை.

மேற்றன் என்னைக் குறை சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. என் துண்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். “நான் இவ்வளவு காலமும் பிழையான சோதனை வைத்திருக்கிறேன்” என்றார். “நான் கண்டுபிடிக்கலாமா என்று பார்த்தேன். நான் இவரைத் தொலைக்கவில்லையே. தொலைத்தவர் கண்டுபிடிக்க வேண்டும்.” அன்றிலிருந்து துண்டின் வரிசையை மாற்றினார். விசேட அடையாளம் முதலாவது. அதில் குறைந்தது மூன்று நிரம்பும்வரை ‘இனம்’ என்ற வரியில் பேனை வைக்கக்கூடாது. அவர் மாற்றலாகிப் போன பிறகும் நான் அதை விடவில்லை.

மெற்றில்டா அன்று பின்னேரம் பேருந்தில் வந்து சேர்ந்தாள். நேரே வார்ட்டுக்குப் போனாள். ஒரு மணித்தியாலம் கழித்து, தொலைபேசி மிஸ் எங்கே என்று கேட்டு என் அறைக்கு வந்தாள். மெலிந்த பெண், என்னைவிடக் கொஞ்சம் வெளுப்பு, கையில் குளிசைப் பை. பார்த்தால் எங்கள் வங்காலைப் பெண் என்றே யாரும் சொல்வார்கள். உட்காரச் சொன்னேன். கடலில் குளிக்கப் போன இடத்தில் வலிப்பு வந்து விழுந்திருக்க வேண்டும் என்றாள். டொக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். ஆள் பிழைத்துவிட்டார், வலது கை கொஞ்சம் பலமில்லை, போகப் போகத்தான் தெரியும் என்றாராம். மாபிள் பதிக்கிறவருக்கு வலது கை. அந்தக் கையில் காயம் எவ்வளவு, திங்களும் செவ்வாயும் வந்த வலிப்பு எவ்வளவு என்று எந்த டொக்டரும் பிரித்துச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு அவர் வேலைக்குத் திரும்பினாரா என்பதும் எனக்குத் தெரியாது.

அவருடைய ஆட்கள் எத்தனையோ தலைமுறைக்கு முன் ஆபிரிக்காவில் இருந்து கப்பலில் இங்கே கொண்டுவரப்பட்டவர்கள் என்று அவள்தான் சொன்னாள். புருசன், அவருடைய தகப்பன், பாட்டன் எல்லாரும் தங்கள் ஊரான மாம்புரிக் கோயிலிலேயே ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஆனாலும் அவரைப் பேருந்தில் ஏறினால் ஆங்கிலத்தில் எந்த நாடு என்று கேட்பார்களாம். அவர் சிரித்துக்கொண்டு, மாம்புரி ரிக்கெட் ஒண்டு தாங்கோ என்பாராம். அதைச் சொல்லும்போது அவளும் சிரித்தாள்.

நான் சொல்லத்தான் வேண்டும் என்று நினைத்தேன். ஒட்டியிருந்த துண்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். இதை எழுதினது நான், திங்கட்கிழமையே நீங்கள் அவரைக் கண்டிருக்க வேண்டும் என்றேன். அவள் அந்த இரண்டு வரியையும் வாசித்தாள். நேரம் எடுத்து வாசித்தாள். ஏசப்போகிறாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் கொப்பியைத் திறந்து, தான் எழுதி வைத்திருந்த பக்கத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள். காது, நகம், பல், உத்தரியம்.

“என்னிலதான் பிழை மிஸ்” என்றாள். “எல்லாத்தையும் எழுதினன். அவரிட நிறத்தை எழுத மறந்துபோயிட்டன். கலியாணம் கட்டிப் பதினேழு வருசம். வீட்டில அது கண்ணுக்குத் தெரியிறேல்ல.”

மன்னிப்புக் கேட்க நான் வாய் திறந்தேன். அதற்குள் அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டாள்.

டெல்சி, மீன் கறி ஆறிவிட்டது. அந்தக் கட்டத்தில் ‘தெரியாது’ என்று போட விட்டால் போடு. விடாவிட்டால் ஏதாவது ஒன்றைப் போட்டுப் பக்கத்தைத் திற. பிறகு கதிரையை விட்டு எழும்பி மேலே போய், அந்த மனிதரின் காதைப் பார்.